சாரைப்பாம்பும் நெல் வயலும்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் சர்ப்பத்திற்குள்ள மரியாதை யாவரும் அறிந்ததே. கும்பகோணத்தையடுத்த திருநாகேஸ்வரத்தில் ராகு பகவானுக்கு ராகு காலத்தில் பாலபிஷேகம் நடைபெறுகின்றது. பூம்புகாருக்கு அண்மையிலுள்ள கீழப்பெரும்பள்ளம் கேதுவின் க்ஷேத்திரமாகும். அரசும் வேம்பும் சேர்ந்து நிற்குமிடங்களில் நாகப்பிரதிஷ்டைக் கற்களைக் காணலாம். ஆயினும், வெள்ளிக்கிழமையன்று புற்றுக்குப் பால் வார்க்கும் குடும்பத்தினரே மறுநாள் வரப்பில் பாம்பு தலை நீட்டினால் தடியெடுக்கின்றனர். இவ்விதம் அடிபட்டு மடிபவற்றுள் சாரையும் ஒன்று. இதனால் விளையும் நஷ்டம் பயிரிடுவோரையே சாரும்.

சாரையே நல்லபாம்பின் ஆண் என்றும், இவ்விரண்டும் பிணைந்தாடும் என்றும் ஊரில் சொல்லுவர். இது பிழை. இரண்டும் வெவ்வேறு இனங்கள். ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் உண்டு. நிமிர்ந்து முறுக்கிக்கொண்டு ஆடுபவை இரண்டு ஆண் சாரைகளே. அது கலவியன்று, பலப்பரீட்சை. சாரைக்கு விஷமில்லை, படமெடுப்பதுமில்லை. கண் பெரிது, உதட்டோரத்தில் கரிய கோடுகள் தென்படும். பகலில் இரை தேடும். பாம்புக்குப் பால் ஆகாரமன்று. சாரைக்கு எலியும் தவளையுமே இரை.

சம்பாப் பயிர் பொதி கட்டும் சமயத்தில் எலி தூர்களை அறுப்பதையும், கதிர் முற்றியபின் வளைக்குள் இழுத்துச் சேமிப்பதையும் குடியானவர் நன்கறிவர். இதற்கென மூங்கிலாற் செய்த தஞ்சாவூர்க் கிட்டி வெகுகாலமாக வழங்கி வருகின்றது. கிட்டி, வெளியே வரும் எலியையே பிடிக்கும். சாரையோ வளைக்குள் நுழைந்து குட்டிகளையும் தின்றுவிடும், அதற்குக் கூலியுமில்லை.

பாம்பைக் கண்டு அஞ்சுவது வீண் என்று சொல்லுவது நியாயமன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் சுமார் 12 லட்சம் பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களிற் பெரும்பாலோர் கிராமவாசிகள். இருளில் வெறுங்காலுடன் தண்ணீர் பார்க்கச் செல்லும் ஆளுக்கு இனம் பிரித்தறிய அவகாசமேது? ஆகவே, பாம்பைக் கொல்லாதே என்று அவருக்கு உபதேசிப்பதற்கு முன், நிலமுடையோர் கைவிளக்கும் காலுக்கு உயர்ந்த பூட்ஸும் வாங்கிக் கொடுத்தல் வேண்டும். கடியுண்டவரைக் கயிற்றால் இறுக்கிக் கட்டாமலும், கடிவாயைக் கீறாமலும், மந்திரிப்பதிற் பொழுது போக்காமலும் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்திற்கும் ஒரே முறிவு மருந்து உண்டு. தமிழ்நாட்டில் 2024-ம் வருஷம் முதல் பாம்புக்கடி, சுகாதார இலாகாவுக்குக் கட்டாயமாக அறிவிக்கவேண்டியவற்றுள் சேர்க்கப்பட்டிருக்கின்றது.

இனம் தெரியாத பாம்பு எதிர்ப்பட்டால் விலகி நின்று வழிவிடுதலே உத்தமம். சம்பா நாற்று விடுமுன் ஊரார் ஒன்றுகூடி, வரப்பைக் குறுக்கி வளைகளைக் குறைத்தல், எல்லா வயல்களிலும் ஒரே சமயத்தில் கிட்டி வைத்தல், சாரையை அடியாதிருத்தல் ஆகிய மூன்றையும் நிச்சயித்துக்கொள்வார்களாயின், எலிக்குப் போகும் நெல்லில் ஒரு பங்கேனும் களத்திற்கு வந்து சேரும்.