கதிர்காமக் காட்டுவழி: சில எண்ணங்கள்

மோட்டார் வண்டிக்கென இட்ட வீதியைக் காப்பதற்குத் திணைக்களம் உண்டு, பணம் உண்டு, பொறியியலாளரும் உளர். மனிதன் நடந்து நடந்தே உண்டாக்கிய வழியைக் காப்பவர் யார்? நடப்பவர்தாம் காத்தல் வேண்டும். ஒரு மாரிக்கு நடப்பாரின்றிப் போனால் முட்செடி மூடும். பல மாரிக்கு நடப்பாரின்றிப் போனால் அங்கே வழியிருந்தது என்பதே பாட்டிமார் சொல்லும் கதையாகிவிடும். உகந்தை மலையடியிலிருந்து கதிர்காமம் வரை செல்லும் காட்டுவழி அத்தகையது. ஆடிவேல் விழா நெருங்குந்தோறும் அவ்வழி பற்றிப் பத்திரிகைகளிற் சர்ச்சை எழுகின்றது. யாத்திரிகர் கூட்டம் வனத்தைக் கெடுக்கின்றது என்பர் ஒரு சாரார். ஆண்டாண்டு காலமாய் நடந்த வழியைத் தடுக்க எவருக்கு உரிமை என்பர் மறு சாரார். இரு சாராரும் வழியைப் பற்றியே பேசுகின்றனரா என்னும் ஐயம் எனக்குண்டு.

வழி எப்படிச் செல்கின்றது என்பதை முதலில் நோக்குவோம். உகந்தை முருகன் கோயிலைக் கடந்ததும் குமண வனம் தொடங்கும். அதன் தென் எல்லையில் ஓடுவது குமுக்கன் ஆறு. ஊவா மலைப்புறத்திற் பிறந்து கீழைக் கடலைச் சேரும் இவ்வாற்றின் இரு கரையிலும் மருத மரங்கள் வானளாவி நிற்கின்றன. சிங்களத்திற் கும்புக் என வழங்கும் மரமே நமது மருதம். ஆற்றின் பெயரிலேயே மரம் இருக்கின்றது. மருதத்தை வயலோடும் வாய்க்காலோடும் சேர்த்தே படித்த நம் மாணாக்கர், யானை உலவும் அடவி நடுவே அது வேரோடி நிற்பதைக் காண்பாராயின் திணைப் பாடம் சற்றுக் குழம்பத்தான் செய்யும். குழம்பட்டும், நல்லதே. கரையைவிட்டுச் சில பாகம் விலகினால் ஈரம் மறைந்துபோம். பாலையும் வீரையும் முட்பற்றையுமாக வறண்ட காடு விரியும். இங்குள்ள பாலை கனி தரும் மரம். சங்க நூலோர் கூறிய பாலை வேறு. அக்கனி பழுக்குங் காலமும் யாத்திரைக் காலமும் அடுத்தடுத்தே வருகின்றன. கனிக்காகக் கரடி மரமேறும் என்பதை அறிந்த பழைய யாத்திரிகர் பாலை மரத்தடியிற் படுக்கை விரிப்பதில்லை.

ஆற்றைக் கடந்தால் யால வனம். நாவலடி, வியாழை எனத் தங்குமிடங்கள் தொடரும். பின்னர் மாணிக்க கங்கை, கட்டகாமம், கதிர்காமம். உகந்தையிலிருந்து நான்கைந்து நாள் நடை. இத் தங்குமிடங்களை வகுத்தவர் எவரும் அளவுகோல் கொண்டு வகுக்கவில்லை, நீரே வகுத்தது. ஆடி மாதத்தில் ஆறு மெலிந்து மணலுட் புகுந்துவிடும். மணலைக் கையால் அகழ்ந்தால் ஊற்று ஊறும். ஓர் ஊற்றுக்கும் அடுத்த ஊற்றுக்கும் இடைப்பட்ட தொலைவே ஒரு நாள் நடை. யானை, மான், மரை நடந்த தடத்தையே மனிதனும் பற்றினான். ஏனெனில் விலங்கும் நீரைத் தேடியே நடக்கின்றது. வழி வளைந்து வளைந்து செல்வதேன் என்று நகரத்து அன்பர் வினவுவதுண்டு. வளைவு ஒவ்வொன்றும் ஒரு தண்ணீர்க் குழியை அறியும்.

இவ்வழியைக் கட்டுப்படுத்த முயல்வது புதிதன்று. பிரித்தானியர் ஆட்சியிற் பேதி நோய்க்கு அஞ்சிக் கதிர்காம யாத்திரைக்குப் பல தடைகள் விதிக்கப்பட்டன. பின்னாளில் ஆங்கில நாவலாசிரியராய்ப் பெயர் பெற்ற லெனார்ட் வுல்ப், அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராய் இருந்தபோது 1910 இல் இந்த யாத்திரையை மேற்பார்வை செய்தவர். 1913 இல் வெளிவந்த அவரது நாவலின் உயிர் இத் தென்கீழ்க் காட்டிலேயே இருக்கின்றது. குமண வில்லு 1938 இற் பறவைச் சரணாலயமாயிற்று. சூழவுள்ள காடு 1970 இல் யால கிழக்குத் தேசியப் பூங்காவாயிற்று. 2006 இற் குமண என்றே பெயர் பெற்றது. இடையில் 1985 முதல் 2003 வரை போர்ச் சூழலாற் பூங்கா மூடிக் கிடந்தது. வழி அறவே அழிந்திருக்க வேண்டிய காலம் அது. அழியாதது, வேலைச் சுமந்து நடந்த சிறு சிறு கூட்டத்தாரால். இன்று பல்லாயிரவர் நடக்கின்றனர். தமிழரோடு சிங்களவரும் நடக்கின்றனர். ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே விளிக்கின்றனர்.

பல்லாயிரவர் நடப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயின் அவரோடு உழவு இயந்திரமும் வருகின்றது. தண்ணீர்ப் பவுசர் வருகின்றது. அன்னதானப் பந்தல் வருகின்றது. பந்தலோடு ஒலிபெருக்கியும் வருகின்றது. யாத்திரை போன பின்னர் பொலித்தீன் பையும் பிளாஸ்திக் போத்தலும் எஞ்சுகின்றன. வனத்தின் மீது அன்புடையார் கூறுங் குற்றச்சாட்டில் இப்பகுதி முழு உண்மை. இதை மறுப்பது வீண் வாதம். அதற்காக, தருமத்தையே பழிக்கவும் என்னால் இயலாது. கையிற் காசில்லாத முதியவள் ஒருத்தி முல்லைத்தீவிலிருந்து வெறுங்காலோடு நடந்து வருகின்றாள். காட்டில் அவளுக்குக் கிடைக்கும் ஒரு பிடி சோற்றை எவர் குறை கூறுவார்? குறை கூற வேண்டியது ஒலிபெருக்கியை. முருகனுக்குக் காது மந்தமென்று எந்தப் புராணத்திலும் படித்தேனில்லை.

பழைய யாத்திரிகர் கொண்டு சென்றது தோளிற் சுமக்கக் கூடியதை மட்டுமே. அரிசி, பருப்பு, உப்பு, ஒரு சட்டி, ஒரு பாய். சுமை குறைவானதால் குப்பையும் குறைந்தது. இதனைப் பக்தியின் பெருமை என்று நான் கொண்டாடவில்லை. தோளின் வலிமைக்கு எல்லையுண்டு என்பதே காரணம். ஆகவே மட்டுப்படுத்த வேண்டியது நடப்பவரின் தொகையையன்று, வண்டியின் தொகையை. உகந்தைக்கு அப்பால் யாத்திரிகரின் மூட்டை ஏற்றிய வண்டி எதுவும் போகலாகாது என்று விதித்தால் பாதிக் குப்பை அன்றே நின்றுவிடும். தண்ணீர் தருவோர் போத்தலில் தராது பெருங் கலத்திலிருந்து வார்த்துத் தரலாம். வாங்குவோர் செம்பு கொண்டு வரலாம். நோயாளிக்கென வண்டி நிற்கட்டும், அதற்குத் தடையில்லை.

மற்றொன்று நாட்கணக்கு. வனத்தின் கதவம் ஆண்டுக்கு ஏறத்தாழ இரு வாரமே திறக்கப்படுகின்றது. திறக்கும் நாள் எதுவென்று கடைசி வரை இழுபறி. விளைவு யாது? மாதக் கணக்கிற் சிறு கூட்டங்களாய்ப் பிரிந்து போகக் கூடியவர் அனைவரும் உகந்தையில் வந்து குவிந்து, ஒரே மூச்சிற் புகுகின்றனர். வறட்சிக் காலத்தில் ஒரே ஊற்றை ஆயிரவர் அகழ்ந்தால் இரவில் மான் எங்கே நீர் குடிக்கும்? வனஜீவராசிகள் திணைக்களத்தார் கூட்டத்தைக் குறைக்க எண்ணி நாளைக் குறைக்கின்றனர். நாள் குறையக் கூட்டம் செறிகின்றது. நாளை நீட்டி, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று முறை வகுத்து விடுவதே தக்கது. கதிர்காமக் கொடியேற்றம் எந்நாள் என்பது பஞ்சாங்கம் அறிந்த செய்தி. கதவம் திறக்கும் நாளைத் தைப்பொங்கலுக்கு முன்னரே அறிவிக்க முடியாதென்று எவரும் கூறல் முடியாது.

ஆசிரியர்களையும் இலக்கிய வட்டத்தாரையும் நோக்கிக் கூறவேண்டியதும் ஒன்றுண்டு. அருணகிரியார் கதிர்காமத்தைப் பாடினார் என்று மேடையிற் பெருமை பேசுகின்றோம். கதிர்காமம் செல்லும் வழியை நம் தற்கால உரைநடை போதிய அளவு எழுதிற்றா? இல்லை என்பதே என் துணிபு. அரசாங்கப் படத்தில் ஆற்றின் பெயரும் பூங்காவின் பெயரும் இருக்கின்றன. ஊற்றின் பெயர், வெட்டையின் பெயர், நிழல் மரத்தின் பெயர் ஆகியவை நடந்தவரின் நாவில் மட்டுமே இருக்கின்றன. அவற்றுட் பலவற்றுக்குத் தமிழிலொன்று, சிங்களத்திலொன்று என இரு பெயர் உண்டு. பவுசர் வந்த பின் ஊற்றைத் தேடுவாரில்லை. தேடுவாரில்லாத ஊற்றின் பெயர் நாவிலும் நில்லாது. திருக்கோவில், பொத்துவில், மட்டக்களப்புப் பகுதிகளிலே முப்பது, நாற்பது முறை நடந்த முதியோர் இன்றும் உளர். அவர்களை அழைத்து உட்கார்த்தி, உகந்தை முதல் கதிர்காமம் வரை ஒவ்வொரு தங்குமிடமாய்ச் சொல்லச் செய்து, இரு மொழிப் பெயரையும் எழுதிக்கொள்ள ஒரு கொப்பியும் பொறுமையும் போதும். தீர்த்தம் முடிந்து அவர்கள் வீடு திரும்பிக் கால்வீக்கம் வடியக் காத்திருக்கும் ஆவணி மாதமே அதற்கு வாய்ப்பான காலம்.