மஞ்சள் காமாலைக்கு மருந்தில்லை என்பது பொய்

"மஞ்சள் காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது, நாட்டு மருந்துதான்." தமிழ்நாட்டில் இதைக் கேட்காத வீடு அநேகமாக இல்லை. படித்தவர், படிக்காதவர், நகரம், கிராமம் என்ற பேதம் இந்த நம்பிக்கைக்குக் கிடையாது. ஒருவருக்குக் கண் மஞ்சளானால் போதும், பக்கத்து வீட்டிலிருந்து ஓர் ஊரின் பெயர் வரும். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு போகணும், மூன்று நாள் மருந்து, உப்பில்லாப் பத்தியம், எண்ணெயைக் கண்ணில் காட்டக் கூடாது என்று முறையும் சொல்லித் தரப்படும். இதைவிட வேதனையானது, மருத்துவர்களிலேயே சிலர் "இதுக்கு நம்மகிட்ட ஒண்ணும் இல்லம்மா, நாட்டு மருந்து பாருங்க" என்று சீட்டுக்கூட எழுதாமல் அனுப்பிவைப்பது.

இந்த நம்பிக்கை தவறு. பிழைக்கக்கூடியவர்களின் நாட்களை வீணடித்து அவர்களைச் சாகவிடும் தவறு. ஆகவே இதைப் பழக்கம், பண்பாடு என்று மரியாதையாக ஒதுக்கிவைக்க முடியாது.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். மஞ்சள் காமாலை என்பது ஒரு நோய் அல்ல, அறிகுறி. காய்ச்சல் என்று ஒருவர் வந்தால் டெங்குவா, டைஃபாய்டா, மலேரியாவா என்று கேட்கிறோம். ரத்தம் எடுத்துப் பார்க்காமல் எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மருந்து என்று எவராவது சொன்னால் நம்ப மாட்டோம். கண் மஞ்சளானால் மட்டும் ஏன் அந்தக் கேள்வி நமக்கு எழுவதில்லை?

மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். நம் ரத்தச் சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாட்கள். ஆயுள் முடிந்து அது உடையும்போது ஹீமோகுளோபின் சிதைந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அது தண்ணீரில் கரையாதது. ஆல்புமின் என்ற புரதம் அதைச் சுமந்துகொண்டு கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதைக் கரையும் பொருளாக மாற்றிப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்குப் பழுப்பு நிறம் வருவது இதனால்தான். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் பிலிருபின் சாதாரணமாகச் சுமார் 1 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. 3 மில்லிகிராமை நெருங்கும்போது வெள்ளை விழியில் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கிறது.

ஆக, கோளாறு மூன்று இடங்களில் நடக்கலாம். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தால் கல்லீரலுக்கு முன்பே கோளாறு. வைரஸ், மது, மாத்திரை, விஷம் ஆகியவற்றால் கல்லீரல் செல்கள் அழிந்தால் கல்லீரலுக்குள் கோளாறு. கல்லோ கட்டியோ பித்தக்குழாயை அடைத்தால் கல்லீரலுக்குப் பின்னால் கோளாறு. தொட்டியின் வடிகுழாய் அடைபட்டுக் கிடக்கும்போது தண்ணீரில் எந்தப் பொடியைக் கலக்கினாலும் தொட்டி வடியாது. பித்தக்குழாய் அடைப்புக்குப் பச்சிலை அரைத்துக் கொடுப்பதும் அப்படித்தான்.

அப்படியானால் நாட்டு மருந்து சாப்பிட்டு இத்தனை பேருக்குக் குணமானதே, அது எப்படி? கேட்க வேண்டிய கேள்விதான். நம் ஊரில் மஞ்சள் காமாலையோடு வருபவர்களில் பலருக்கு இருப்பது ஹெபடைடிஸ் ஏ அல்லது இ. இரண்டும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவுபவை. இவை தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே குணமடைகிறார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே வைரஸை வெளியேற்றிவிடுகிறது. மஞ்சள் உச்சத்தில் இருக்கும்போது வைத்தியரிடம் போகிறார்கள். அதன் பிறகு அது எப்படியும் இறங்கத்தான் போகிறது. இறங்கியதும் புகழ் மருந்துக்குப் போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் தவறு வேர் பிடித்தது. ஹெபடைடிஸ் ஏ வந்தவரிடம் மருத்துவர் "மருந்து தேவையில்லை, ஓய்வெடுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், ஒரு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனையோடு வாருங்கள்" என்றார். நோயாளியின் வீட்டார் அதை "மருந்தில்லை" என்று ஊரெல்லாம் சொன்னார்கள். தானே ஆறும் ஒரு நோயைப் பற்றிச் சொன்னது, கண்ணை மஞ்சளாக்கும் எல்லா நோய்க்குமான தீர்ப்பாகிவிட்டது.

சில ஊர்களில் கையில் மரப்பட்டைச் சாற்றைத் தடவிச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவுகிறார்கள். தண்ணீர் மஞ்சளாகிறது. "பாருங்க, காமாலை இறங்குது" என்கிறார்கள். பட்டைச் சாறும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வரும் நிறம் அது. நோயில்லாத ஒருவர் கையைக் கழுவினாலும் அதே மஞ்சள் வரும். பிலிருபின் உடலைவிட்டு வெளியேறுவது மலத்திலும் சிறுநீரிலும். உள்ளங்கை வழியாக அல்ல.

கீழாநெல்லியைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் முடியாது. அதை ஆதரிப்பவர்கள் ஓர் ஆய்வைச் சொல்வார்கள். அது உண்மையான ஆய்வு, நம் சென்னையில் நடந்தது. ஆய்வாளர் தியாகராஜனும் அவருடைய குழுவினரும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து செய்து, 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். கீழாநெல்லி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் பி வைரஸின் அடையாளம் மறைந்தது. போலி மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் அதே சோதனையைச் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அறிவியலில் ஒரு முடிவு நிலைக்க வேண்டுமென்றால் அது மறுபடியும் மறுபடியும் கிடைக்க வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்றை மேற்கோள் காட்டுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்த ஆய்வு நடந்தது நாள்பட்டு பி வைரஸைச் சுமந்து வாழ்பவர்களிடம். மஞ்சள் காமாலைக்கான ஆய்வே அல்ல அது.

இதைச் சொல்வதால் சித்த மருத்துவத்தை இழிவுபடுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். சித்த நூல்களே காமாலையைப் பல வகையாகப் பிரிக்கின்றன. முறையாகப் படித்த சித்த மருத்துவர் நோயாளியிடம் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கேட்கத்தான் செய்வார். என் சண்டை, பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லும் நம்பிக்கையோடுதான்.

மருந்தில்லை என்கிறார்களே, பட்டியலைப் பார்ப்போம். மழைக்காலத்தில் சேற்று வயலில் இறங்கியவருக்கு வரும் எலிக்காய்ச்சல் கண்ணை மஞ்சளாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். அதற்குப் பென்சிலின், டாக்சிசைக்ளின் உண்டு. ஹெபடைடிஸ் சி வைரஸை 12 வாரம் மாத்திரை சாப்பிட்டே 100 பேரில் 95 பேருக்கு மேல் உடலைவிட்டு நீக்க முடிகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கட்டுக்குள் வைக்கத் தினம் ஒரு மாத்திரை இருக்கிறது. 2018இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தில் இவை அரசு மருத்துவமனைகளில் இலவசம். உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய்க்கு ஸ்டீராய்டு இருக்கிறது. செம்பு கல்லீரலில் தேங்கும் வில்சன் நோய்க்கு அதை வெளியேற்றும் மருந்து இருக்கிறது. காசநோய் மாத்திரையால் வந்த காமாலைக்கு, அந்த மாத்திரையை உடனே நிறுத்துவதே சிகிச்சை. பித்தக்குழாய்க் கல்லை வாய்வழியே குழாய் விட்டு ஈ.ஆர்.சி.பி. முறையில் எடுத்துவிடலாம். கணையத்தின் தலைப்பகுதியில் வரும் புற்றுநோய், வலியே இல்லாமல் மஞ்சளை மட்டும் காட்டிக்கொண்டு வருவதுண்டு. ஆரம்பத்தில் கண்டால் அறுவை செய்யலாம். மூன்று மாதம் பத்தியம் இருந்துவிட்டு வந்தால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும்.

இந்த நம்பிக்கைக்கு அதிக விலை கொடுப்பவர்கள் மூன்று கூட்டத்தார்.

முதலில் கர்ப்பிணிகள். மற்றவர்களுக்குச் சாதாரணமாக வந்து போகும் ஹெபடைடிஸ் இ, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்க நேரிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1955 டிசம்பரில் டெல்லியில் யமுனை நீரில் சாக்கடை கலந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்தபோது, கர்ப்பிணிகளுக்குத்தான் நோய் கடுமையாக இருந்தது. அது ஹெபடைடிஸ் இ என்பது பின்னாளில் தெளிவானது. கண் மஞ்சளான கர்ப்பிணியை வீட்டில் வைத்து மருந்து அரைப்பது குற்றத்துக்குச் சமம்.

இரண்டாவது, பச்சிளங்குழந்தைகள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் சகஜம், காலை வெயிலில் காட்டினால் போதும் என்பது எல்லாப் பாட்டிமார்களும் சொல்வது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானே மறையும் என்பது உண்மை. ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாமல், மலம் வெளுத்து அரிசி மாவு நிறத்தில் போனால் அது பித்தக்குழாய் பிறவியிலேயே அடைபட்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். ஜப்பானிய மருத்துவர் கசாய் கண்டறிந்த அறுவையை, குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். நாள் கடக்கக் கடக்கக் கல்லீரல் சுருங்கிக்கொண்டே போகும். தைவானில் 2004 முதல் தாய்மார்களுக்கு மலத்தின் நிறங்கள் அச்சிட்ட ஓர் அட்டையைக் கொடுக்கிறார்கள். குழந்தையின் துணியில் இருக்கும் நிறத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். நம்மிடம் அட்டை இல்லாவிட்டாலும் கண் இருக்கிறது. இதே நோயோடு பிறந்த தமிழகத்துக் குழந்தை ஒன்றுக்கு 1998இல் டெல்லியில் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியைப் பொருத்தினார்கள். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டார்.

மூன்றாவது, கல்லீரல் திடீரெனச் செயலிழப்பவர்கள். இதன் அடையாளத்தைக் குடும்பங்கள் தவறவிடுகின்றன. நோயாளி பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பார். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுவார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென ஆடும். வீட்டில் இதை "மருந்து வேலை செய்யுது, அசதி" என்கிறார்கள். அசதி அல்ல அது, கல்லீரல் சுத்தம் செய்ய வேண்டிய அம்மோனியா போன்ற நச்சுகள் மூளையை எட்டிவிட்டன. ரத்தம் உறைவதும் தாமதமாகும், ஈறில் ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் மணி நேரங்களே கணக்கு. அதுவரை கழிந்த நாட்களை எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவும் திருப்பித் தர முடியாது.

பத்தியத்தையும் சொல்லியாக வேண்டும். உப்பு, எண்ணெய், புளி, முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி வாரக்கணக்கில் மோர் சாதம் மட்டும் கொடுப்பது நோயாளியைப் பட்டினி போடுவது. கல்லீரல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு. அதற்குச் சத்து வேண்டும், புரதம் வேண்டும். கல்லீரல் சுருங்கிய நோயாளிக்கே உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தினமும் புரதம் தர வேண்டும் என்றுதான் இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. குமட்டலால் எண்ணெய்ப் பண்டம் பிடிக்கவில்லை என்றால் தவிர்க்கலாம். பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடலாம். கண்டிப்பாக நிறுத்த வேண்டியது மது. தெருவோரக் கரும்புச் சாறு காமாலைக்கு மருந்தென்று வாங்கித் தருகிறார்களே, அதில் போடும் ஐஸ் அசுத்தத் தண்ணீரில் செய்ததாக இருந்தால் காமாலையைப் பரப்புவதே அதுதான்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோயாளி கண் மஞ்சளோடு உங்கள் முன் உட்காரும்போது, பாடப்புத்தகத்தின் நீண்ட பட்டியலுக்கு முன்னால் சில எளிய கேள்விகளைக் கேளுங்கள். சிறுநீர் என்ன நிறம்? மலம் வெளுத்துப் போகிறதா? உடம்பெல்லாம் அரிப்பா? மஞ்சள் வந்ததும் காய்ச்சல் விட்டதா, இல்லை தொடர்கிறதா? வைரஸ் காமாலையில் பெரும்பாலும் மஞ்சள் தெரியும்போது காய்ச்சல் விட்டுவிடும். மஞ்சளும் காய்ச்சலும் ஒன்றாக இருந்தால் எலிக்காய்ச்சல், மலேரியா, பித்தக்குழாயில் சீழ் ஆகியவற்றை நினையுங்கள். என்ன மாத்திரை, என்ன லேகியம், என்ன பொடி சாப்பிட்டார் என்று திட்டாமல் கேளுங்கள். திட்டினால் மறைப்பார். நாட்டு மருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவரை வாசலிலேயே அவமானப்படுத்தும் வழக்கம் ஒழிந்தால்தான் அடுத்தவர் சீக்கிரம் வருவார். பரிசோதனை முடிந்து ஹெபடைடிஸ் ஏ என்று தெரிந்தால், "மருந்தில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். ஏன் தேவையில்லை, எப்போது திரும்பி வர வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் இரவானாலும் ஓடி வர வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை நாம் கொடுக்காததால்தான் இந்தப் பொய் இத்தனை காலம் வாழ்ந்தது.

வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால், பிறகு எந்த வைத்தியத்தை நம்பினாலும் சரி, முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுங்கள். காரணம் தெரிந்த பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம். காரணம் தெரியாமல் கொடுக்கும் எந்த மருந்தும், அது எந்த முறையைச் சேர்ந்ததானாலும், வைத்தியம் ஆகாது.