அகப்படாத கொடுவா

இலக்கியக் கூட்டங்களில் இளைஞர் சிலர் ஒரு குறையை அடிக்கடி எடுத்துரைக்கக் கேட்கிறேன். "கடல் சூழ்ந்த நாட்டில் வாழ்கின்றோம், பரதவர் வாழ்வைப் பாடிய நெய்தற்றிணை நமக்கு ஈராயிரம் ஆண்டுச் சொத்து. ஆயினும், ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' போல, ஒரு மனிதன், ஒரு மீன், இருவருக்கும் இடையே தீராத போர் என்றொரு கதை நம்மிடையே ஏன் எழவில்லை?" என்பது அவர்கள் வினா. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இலும், ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இலும் வெளிவந்தமையை நினைவூட்டினால், "அவை ஊரின் கதைகள், மீனின் கதைகள் அல்ல" என்று மறுமொழி வருகிறது.

இவ்வினாவுக்கு விடை சொல்லும் தகுதி எனக்குப் புலமையால் வந்ததன்று, தோல்வியால் வந்தது. ஒரே மீனைப் பிடிக்க முயன்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தோற்றுவருபவன் நான். என் மாணாக்கர் இதனை அறிவர்; அறிந்தும் நேரில் சிரிப்பதில்லை. அந்த அளவுக்கு நான் நல்லாசிரியன் என்றே கொள்கிறேன்.

என் ஊர் பெரியமடு. மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் பெருந்தெருவில் பள்ளமடுவில் இறங்கி, கிழக்கே உள்நாட்டை நோக்கிச் செல்லவேண்டும். குளமும் வயலும் காடுமாகிய ஊர். அங்கே அலையோசை கேட்பதில்லை. குளத்து விராலையும், 1952ஆம் ஆண்டில் இந்நாட்டு நீர்நிலைகளில் விடப்பட்ட திலாப்பியாவையும் மூங்கிற் கம்பினால் பிடித்து வளர்ந்தவன் நான். 1990 ஒக்டோபர் இறுதியில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எம் ஊரும் காலியாயிற்று. புத்தளத்தில் ஏதிலியாய்க் கழித்த இருபது ஆண்டுகளில் வேறொன்றும் செய்ய இயலாத மாலைப்பொழுதுகளில், கற்பிட்டிக் கரையில் ஒருவர் எனக்கு அலையில் நின்று தூண்டில் வீசக் கற்பித்தார். இடம்பெயர்ந்தவனுக்கு நிலம் இல்லை. கடற்கரையில் நிற்பதற்கு உறுதிப்பத்திரம் எவரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கம் ஊர் திரும்பிய பின்னரும் என்னை விடவில்லை.

விடத்தல்தீவுப் பக்கத்துக் கடல் எமக்கு அண்மையது. ஆயின் அது கண்டற்காடும் சேறுமான அமைதிக் கடல்; அலை உடையும் கரையன்று. ஆகவே தெற்கே, மன்னார் வளைகுடாவை நோக்கிய அரிப்புக் கரைக்குச் செல்லலானேன். அனுராதபுரத்தைத் தழுவி வரும் அருவியாறு, 164 கிலோமீற்றர் நடந்து களைத்து, அங்கேதான் கடலிற் கலக்கிறது. முத்துக்குளிப்பைக் கண்காணிக்க ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகை, அக்கரை மேட்டில் இன்று சில சுவர்களாய் நிற்கிறது. சோழகம் வீசும் மாதங்களில் அலை மூன்று வரிசையாக உடையும். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கலங்கலில் திரளிக் குஞ்சுகள் மேய வரும். அவற்றைத் தேடிக் கொடுவா வரும்.

கொடுவாவைப் பற்றி ஒரு சொல். கொடிய வாயா, வளைந்த வாயா என்று தமிழாசிரியப் புத்தி முதல் நாளே பெயரிற் போய்த் தொங்கிற்று. இரண்டும் பொருந்தும் என்பதை மீன் பின்னர்க் காட்டிற்று. வெள்ளியுடல், நெற்றியில் ஒரு பள்ளம், விளக்கொளி பட்டால் தணல் போல் மின்னும் கண். செவுள் மூடியின் விளிம்போ சவரக்கத்தி. தூண்டிலிற் பட்டதும் நீருக்கு மேல் எழுந்து, வாயை அகலத் திறந்து, தலையை உதறும். அந்த உதறலில் ஒன்று முள் கழலும். அன்றேல் செவுள் விளிம்பில் தங்கூசி உரசி அறும்.

2012ஆம் ஆண்டு புரட்டாதி மாதம், பொழுது சாயும் வேளையில், முதன்முதலாக அதனைக் கண்டேன். நாலடிக்குக் குறையாது. இரண்டாம் அலையின் முதுகில் எழுந்து, ஒரு கணம் என்னைப் பார்த்தது என்றே இன்றும் நம்புகிறேன். பிறகு கம்பு இலேசாயிற்று. அந்த இலேசுத்தன்மையைத் தூண்டிற்காரர் மட்டுமே அறிவர். கையில் ஒன்றும் இல்லாமை, கையிலிருந்த எல்லாவற்றையும்விடக் கனக்கும்.

அடுத்த ஆண்டு தடித்த தங்கூசி வாங்கினேன், முள் நிமிர்ந்துபோயிற்று. அதற்கடுத்த ஆண்டு முள்ளை மாற்றினேன், மீன் வரவில்லை. நான்காம் ஆண்டு வந்தது, முக்கால் மணி நேரம் இழுத்தது, கரை மணலில் வயிறு தட்டும் வரையும் வந்தது. நான் அவசரப்பட்டு ஓடினேன். பின்வாங்கும் அலை அதனைத் தூக்கிற்று. மேலுதட்டில் ஒரு கிழிவு இருந்ததைக் கண்டேன். முதல் ஆண்டு என் முள் கிழித்த இடம் அதுவே என்று அன்றிரவே முடிவுகட்டிவிட்டேன். "அதே மீன்தான் என்று எப்படித் தெரியும்?" என்று வாசகர் கேட்கலாகாது. கேட்டால் இக்கட்டுரையே இல்லை.

உயிர் இறால், திரளிக்குஞ்சு, மினுங்கும் தகட்டு மீன் என இரை பல மாற்றினேன். அமாவாசை, பறுவம், ஏற்றம், வற்றம் யாவும் ஒரு கொப்பியில் எழுதினேன். "தங்கூசிக்குக் குடுத்த காசுக்குச் சந்தையில மீன் வாங்கியிருந்தா, வருசம் முழுக்க ஆணம் காய்ச்சியிருக்கலாம்" என்றார் என் மனைவி. கணக்குப் பார்த்தேன், அவர் குறைத்தே சொல்லியிருந்தார்.

அக்கரையில் கரைவலை இழுக்கும் தொழிலாளி ஒருவர் என் தோல்விகள் பலவற்றுக்குச் சாட்சி. ஐந்தாம் ஆண்டோ ஆறாம் ஆண்டோ, நான் வெறுங்கையுடன் மணலில் அமர்ந்திருந்தபோது அருகே வந்து குந்தினார். "மாஸ்டர், உங்களுக்கு அந்த மீன் வேணும், எங்களுக்கு மீன் வேணும்" என்றார். பிறகு வலை காயப்போட எழுந்து போய்விட்டார்.

கூட்டங்களில் இளைஞர் எழுப்பும் வினாவுக்கு இதைவிடச் செறிந்த விடையை நான் எந்தத் திறனாய்வு நூலிலும் கண்டிலேன்.

மெல்வில்லின் 'மோபி டிக்' 1851இல் வெளிவந்தது. வெள்ளைத் திமிங்கிலம் தன் காலைக் கவர்ந்தது என்பதற்காக ஆகாப் தலைவன் உலகக் கடல்களையெல்லாம் கடந்து அதனைத் துரத்துகிறான். கப்பலும், ஒருவன் ஒழிய மாலுமிகள் அனைவரும் மாள்கின்றனர். இப்போது நம் குறுந்தொகையில் கல்லாடனார் பாடிய நெய்தற் பாட்டொன்றை எண்ணிப் பாருங்கள். அங்கும் கடல்வாழ் விலங்கொன்று மனிதனைக் காயப்படுத்துகிறது. தலைவியின் தந்தையைச் சுறா தாக்கிவிட்டது. புண் ஆறியது, அவன் மறுபடியும் கடலுக்குப் போய்விட்டான். தாய் உப்பை விற்று நெல் கொள்ள உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். வீட்டில் காவல் இல்லை. தலைவன் வர இதுவே நல்ல வேளை. செய்தி அவ்வளவே. சுறாவைப் பற்றி ஒரு வசை இல்லை, வஞ்சினம் இல்லை. அந்தச் சுறாவைத் தேடி அவன் போகவில்லை. மீனைத் தேடிப் போகிறான். கால் இழந்தவன் கப்பலோடு மூழ்கியது ஒரு பெருங்காப்பியம் ஆயிற்று. புண் ஆறியவன் தொழிலுக்குத் திரும்பியது ஒரு காதற்பாட்டின் ஓரத்தில் இரண்டு வரியாயிற்று. இது நம் இலக்கியத்தின் வறுமை என்று என்னால் கொள்ள முடியவில்லை. கடலோடு நாள்தோறும் பழகியவன் எதனைப் பொருட்படுத்துவான், எதனைப் பொருட்படுத்தான் என்பதைக் கல்லாடனார் நன்கறிந்திருந்தார்.

"ஹெமிங்வேயின் கிழவனும் ஏழை மீனவன்தானே?" என்று கேட்பீர்கள். உண்மை. 84 நாள் மீன் படாத ஏழை. 1952இல் அக்கதை வெளிவந்தபோது உலகம் தலைவணங்கியதும், ஈராண்டில் ஆசிரியருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் தக்கனவே. நானும் அதனைப் பலமுறை படித்தவன், வகுப்பிற் சொன்னவன். ஆயினும் ஹெமிங்வே யார்? 'பிலார்' என்ற தம் சொந்தப் படகில் கியூபாக் கடலில் விளையாட்டாக மார்லின் பிடித்தவர், என் இனத்தவர். மீனவனின் உடம்பினுள் தூண்டிற்காரனின் உள்ளத்தை வைத்துத் தைத்துவிட்டார். தையல் தெரியாதபடி தைத்ததே அவர் கலைத்திறன். அரிப்புக் கரையில் ஐந்து ஆண்டு வெறுங்கையோடு நின்ற எனக்கு அந்தத் தையல் தெரிகிறது; வலைக்காரரின் ஒரு வாக்கியத்துக்குப் பின் மிகத் தெளிவாகவே தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கிழவன் தன் மீனைச் 'சகோதரன்' என்று அழைக்கிறான். பதினெட்டடி நீளத்துக்கு வளரும் மார்லின் பெண்ணாகவே இருக்கும் என்பது இன்று உயிரியலார் நன்கறிந்த செய்தி. சகோதரி ஒருத்தியை மூன்று நாள் இழுத்திருக்கிறான் பாவம்.

சிரித்துவிட்டுத் திரும்பினால், என் நிலையும் அதுவே. கொடுவா ஆணாகவே முதிர்ச்சி அடைகிறது. சில ஆண்டு ஆணாய் வாழ்ந்து, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வயதளவில் பெண்ணாக மாறிவிடுகிறது. ஆகவே நாலடிக் கொடுவா என்றால் தாய் என்று பொருள். "வா மகனே, உன்னைப் பார்க்கிறேன்" என்று அலையில் நின்று நான் கறுவியதெல்லாம், ஆற்றுமுகத்தில் இலட்சக்கணக்கில் முட்டையிட வந்த ஒரு தாயிடம். அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவை மட்டுமன்றி 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் பிடித்து வைத்திருத்தல் குற்றம். சிறியதை விடுவது எங்கும் உள்ள வழக்கம். பெரியதை விடுவதற்கு அறிவு வேண்டும்.

முட்டை ஏற்றத்தோடு உள்ளே போகிறது. குஞ்சுகள் கண்டல் வேர்களிடையிலும், உவர்ச் சேற்றுக் குட்டைகளிலும், மாரியில் வெள்ளம் பரவும் தாழ்நிலங்களிலும் வளர்கின்றன. வழி கிடைத்தால் நன்னீரிலும் ஏறிச்செல்கின்றன. இதனைப் படித்தபோது எனக்குப் பழைய காட்சி ஒன்று தோன்றிற்று. மார்கழியில் எங்கள் குளம் வான் பாயும். நீர் வயல்களைக் கடந்து மேற்கே கடலை நோக்கி ஓடும். வெள்ளம் வடிந்தபின் விடத்தல்தீவுப் பக்கத்துக் குட்டைகளில் நாங்கள் சிறுவர்கள் கடகத்தால் நீரை இறைத்து, விரலளவு குஞ்சுகளை அள்ளுவோம். நெற்றியில் பள்ளம் விழுந்த குஞ்சுகள் அவற்றுட் பல. பெயர் தெரியாது, பொரித்துத் தின்றோம். அலைக்கரையில் நான் முதுமையில் தேடிய மீனை, இளமையில் கடகத்தால் அள்ளியிருக்கிறேன்.

அந்த விடத்தல்தீவுக் கண்டலும் கடலும் 2016இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. 2024இல் அதன் ஒரு பகுதியை நீரியல் வளர்ப்புக்கென விடுவிக்கும் வர்த்தமானி வந்தது. சுற்றாடல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. பண்ணையில் வளர்க்க இடம் வேண்டும் என்று, தானாக வளரும் இடத்தைத் தோண்டும் அறிவை என்னென்பது! வடக்கே பாக்கு நீரிணையில் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை வரைந்த கோட்டைத் தாண்டிவரும் இழுவைமடிகளைப் பற்றிப் புதிதாய்ச் சொல்ல ஒன்றுமில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இழுவைமடியை நம் கடலில் தடைசெய்தது. நம்மவர் மடியும் அதில் அடங்கும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

இதனை ஏன் இங்கே இழுக்கிறேன்? கடந்த மூன்று ஆண்டுகளாக என் தங்கூசியில் ஒரு தட்டுக்கூட இல்லை. முதலாண்டு, "பழகிவிட்டது, தந்திரம் கற்றுக்கொண்டது" என்று கொப்பியில் எழுதினேன். இரண்டாம் ஆண்டும் அவ்வாறே எழுதினேன். மூன்றாம் ஆண்டு எழுதும்போது கை தயங்கிற்று. தப்பிப்போகும் மீனும், இல்லாமற்போன மீனும், கரையில் கம்போடு நிற்பவனுக்கு ஒன்றுபோலவே இருக்கும். கம்பு இரண்டுக்கும் அசையாது. போர்க் கதையில் மயங்கியவன் முன்னதையே நம்புவான். அதில் அவனுக்கும் பெருமை, மீனுக்கும் பெருமை. நம் இளைஞர் விரும்பும் கதை எழுதப்படுமானால், அதன் கிழவன் கடைசிவரை ஒரு வெறுங்கடலோடு போராடிக்கொண்டு, எதிரி மகா தந்திரசாலி என்று வியந்துகொண்டிருப்பான் என்று அஞ்சுகிறேன். எழுதுவோர் முதலில் கரைவலைக்காரரிடம் கேட்டுவிட்டு எழுதட்டும். அவருக்கு வேற்றுமை தெரியும். வலை பொய் சொல்வதில்லை, மனைவியும் கடன்காரனும் வலையைப் பார்த்துக்கொண்டிருப்பதால்.

நானும் கேட்டேன். சென்ற மாதம் அரிப்புக்குப் போனபோது கம்பை எடுத்துச் செல்லவில்லை. அவர் வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த மீன் இன்னும் இருக்கா?"

ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "போன மாரிக்கு வலையில சாணளவுக் குஞ்சு ரெண்டு பட்டது, மாஸ்டர். ரெண்டையும் ஆத்துக்குள்ள விட்டிட்டன். இந்த வருசம் ஆத்துத் தண்ணி கடலுக்கு வரட்டும், பாப்பம்."

ஏன் விட்டாய் என்று நான் கேட்கவில்லை. அவர் பக்கத்திலிருந்த வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தேன்.