சொல்லும் பொருளும்: டாயன்

சென்ற திங்கள் ஒரு மாலை அலுவலகம் விட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். நம் இரயில்வே குடியிருப்பில் கீரை விற்க வரும் மூதாட்டியைப் பார்த்துத் தமிழ்ச் சிறுவன் ஒருவன், "டாயன்! டாயன்!" என்று கூவிக்கொண்டு ஓடினான். அண்டை வீட்டுப் பிள்ளைகளிடம் கற்ற சொல். வாயிலில் நின்ற அவன் அன்னை, "பேய் என்கிறான், விளையாட்டுப் பிள்ளை!" என்று சிரித்தார். மூதாட்டி சிரிக்கவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, எதிரே வந்த நம்மையும் நோக்காது சென்றுவிட்டார். பதினைந்து நாள் நம் தெருப்பக்கம் அவர் வரவேயில்லை.

அச்சொல்லின் வரலாற்றை இத்திங்கள் ஆராய்வோம்.

டாயன் என்பதற்கு மூலம் வடமொழியின் டாகினி. காளியின் பரிவாரத்தில், ஊன் தின்று குருதி குடிக்கும் பெண் பூதங்களுக்கு அது பெயர். மராத்தியில் டாகீண் எனவும், வங்காளத்தில் டாயினி எனவும், இந்தியில் டாயன் எனவும் அது திரிந்தது.

நமக்கும் இச்சொல் புதியதன்று. சிலப்பதிகாரத்துக் கனாத்திறம் உரைத்த காதையில் மாலதி என்பாள் மாற்றாளின் மகவுக்குப் பாலூட்டுகிறாள். பால் விக்கி அது இறந்துபடுகிறது. பழி தன்மேல் வருமே என்றஞ்சி, மகவை ஏந்திக் கோயில்தோறும் முறையிடுகிறாள். அப்போது அம்மகவைக் கவர்ந்து விழுங்குவது இடாகினிப் பேய். தமிழில் டகரம் மொழிக்கு முதலில் வாராது. ஆதலின் முன்னே ஓர் இகரம் சேர்ந்தது. அவ்வளவே வேற்றுமை.

சொல்லுக்கும் ஏற்றத்தாழ்வு உண்டு. பௌத்த தாந்திரிகர் டாகினியை ஞானம் அருளும் பெண்தெய்வமாக உயர்த்தினர். திபெத்தியர் அவளைக் கந்த்ரோமா, அதாவது வானில் செல்பவள், என்று போற்றுகின்றனர்.

இமயத்துக்கு இப்பாலோ, சொல் கீழே இறங்கிற்று. பூதத்தின் பெயர், உயிரோடிருக்கும் பெண்ணின்மேல் சுமத்தப்படும் பெயராயிற்று. குழந்தை காய்ச்சலில் இறந்தாலும், மாடு மடிந்தாலும், "இவளே குருதியை உறிஞ்சினாள்" என்று ஒருத்தியைச் சுட்டுவர். அவள் பெரும்பாலும் துணையற்ற கைம்பெண். சிலபோது, பிறர் கண்வைத்த சிறுநிலம் உடையவள். மாலதி அஞ்சிய பழி இதுவேயன்றோ! பெயர் சூட்டியபின் நோயின் காரணத்தை எவரும் தேடுவதில்லை. அடியும், ஊர்விலக்கும், கொலையும் தொடர்கின்றன.

இதனைத் தடுக்க 1999இல் பீகார் சட்டம் இயற்றியது. புதிதாய்ப் பிரிந்த ஜார்க்கண்டு 2001இல் அதனை ஏற்றது. அதன்படி ஒருத்தியை டாயன் என்று சுட்டுவதே குற்றம். மூன்று திங்கள் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் உண்டு. சராய்கேலாப் பக்கத்துச் சுட்னி மகதோ அம்மையார் 1995இல் இப்பழிக்கு ஆளாகி, வதைபட்டு, ஊரைவிட்டு ஓடியவர். பின்னர்த் தம்மைப்போல் பழிசுமந்த பெண்களுக்குப் புகலாய் நின்றார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நிற்க. இவற்றை அச்சிறுவனின் அன்னையிடம் எடுத்துரைத்தோம். அவர் முகம் வாடிற்று. மறுநாளே மகனையும் அழைத்துக்கொண்டு சந்தைக்குச் சென்று, மூதாட்டியைக் கண்டு வருத்தம் தெரிவித்தார். மூதாட்டி இப்போது மீண்டும் வருகிறார். பையன் அவரை "நானி" என்றே அழைக்கிறான். ஆயினும் அவ்வீட்டு வாயிலில் மட்டும் அவர் கூடையை இறக்குவதில்லை.

அன்பர்களே! பிழைக்க வந்த இடத்து மொழியை நம் மக்கள் விரைந்து கற்கின்றனர், மகிழ்ச்சியே. ஆனால் சொல்லைத் தெருவில் கற்கும் பிள்ளைக்கு, அதன் சுமையை வீட்டில் நாம்தாம் கற்பித்தல் வேண்டும்.