கேட்டும் கிடைக்காத செபம்

"மூன்று ஆண்டுகளாக நவநாள் செய்கிறேன், சாமி, மகனுக்கு வேலை நிரந்தரமாகவில்லையே" என்று பாகலூர்த் தாய்மார் நம்மிடம் முறையிடுவதுண்டு. ஓசூர்த் தொழிற்சாலைகளை நம்பி வாழும் குடும்பங்களில் இம்முறையீடு புதிதன்று. விசுவாசக் குறைவு என்று சொல்லி அனுப்பிவிட நமக்கு மனம் வருவதில்லை. கெத்சமனியில் இயேசு பிரான் வேண்டியும் துன்பக்கிண்ணம் அகலவில்லை. அவரிடமுமா விசுவாசம் குறைந்திருந்தது?

வேண்டியவர் கண்மூடிய பின்னரே விடை வந்த வேண்டுதலும் உண்டு. மறைசாட்சி தேவசகாயம் 1752 சனவரி 14-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர்நீத்தார். அவருக்குப் புனிதர் பட்டம் வேண்டி 1780-இல் உரோமையில் விண்ணப்பித்தவர்கள் மலையாள நாட்டுக் குருக்களான கரியாட்டில் யோசேப்பும் பாறேம்மாக்கல் தோமாவும். கடல் கடந்து, பெரும்பாடுபட்டுச் சென்றவர்கள். கரியாட்டில் பேராயராகத் திரும்பும் வழியில் 1786-இல் கோவாவிலேயே காலமானார், தோமா 1799-இல். ஆயினும் கோட்டாறு சவேரியார் ஆலயத்துக் கல்லறைக்கு ஏழை எளியோர் மெழுகுதிரியோடு வந்துகொண்டேயிருந்தனர்; திரிக்குக் காசில்லாதவர் வெறுங்கையோடும் வந்திருப்பர். 2022 மே 15-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. விண்ணப்பித்து 242 ஆண்டுகள்!

மகனுக்கு வேலை கேட்கும் தாயால் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது என்பதை நாம் அறிவோம். ஆகவே, தாய்மாரே, நவநாளையும் விடாதீர்கள். ஆலை நிர்வாகத்துக்கு எழுதும் மனுவையும் விடாதீர்கள். இரவுச் செபத்தில் மகனையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். தனக்காகத் தாய் வேண்டுவதை அவன் தன் காதால் கேட்கட்டும்.