எந்தத் தெரு?

போடிநாயக்கனூரில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால், நாம் முதலில் விசாரிப்பது அவருடைய க்ஷேமத்தையன்று, "எந்தத் தெரு?" என்றுதான் கேட்கிறோம். அதற்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருப்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தெருவின் பெயர் வாயிலிருந்து வந்த மாத்திரத்தில் சாதியும் வந்துவிடுகிறது. பிறகு, வந்தவருக்கு நாற்காலியைக் காட்டுவதா, திண்ணையோடு அனுப்புவதா என்பது தானே தீர்மானமாகிவிடும். நம் ஊரை மட்டும் குறை சொல்வானேன்? தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றிலும் இதே கதைதான்.

சென்ற தீபாவளி விடுமுறையில் நம்முடைய பழைய மாணவி ஒருத்தி நம்மைப் பார்க்க வந்தாள். அவளுடைய தாயார் ஏலத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர். பொழுது விடியுமுன் தூக்குச் சட்டியுடன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, கேரள எல்லைக்கு அப்பாலுள்ள தோட்டத்துக்குப் போவார். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதல்ல, தூரடியில் காய்ப்பது. ஆகவே பகல் முழுவதும் குனிந்த முதுகு நிமிராது. அந்த வீட்டுப் பெண், வெளியூரில் பெயர்பெற்ற ஒரு கல்வி ஸ்தாபனத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள் என்றால் நமக்குப் பெருமை இராதா?

"அங்கே எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள் அல்லவா?" என்றோம்.

"கேட்கமாட்டார்கள், ஐயா. 'உன் ரேங்க் என்ன?' என்று கேட்பார்கள்" என்றாள்.

நமக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. நுழைவுப் பரீட்சையில் யாருக்கு எந்த எண் வரை இடம் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எண்ணைச் சொன்னால் ஒதுக்கீட்டில் வந்தவரா என்பது தெரிந்துபோகும். அதன்பின் சோதனைச் சாலையில் யாருடன் யார் சேர்ந்து நிற்பது, யாருடைய குறிப்பேடு யாருக்குக் கிடைப்பது எல்லாம் ஓசையின்றி நடந்தேறும். முதல் மாதமே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப இருந்தாளாம். தடுத்து நிறுத்தியவர்கள் பேராசிரியர்கள் அல்லர். அவளுக்கு முன் அதே வழியாக வந்த மூத்த மாணவர் சிலர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு மரத்தடியில் கூடிப் படிப்பார்களாம். ஆங்கிலத்தில் தடுக்கும் பாடத்தைத் தமிழில் விளக்கிச் சொல்வார்களாம். உதவித்தொகை தாமதித்தால் எந்த அறைக்கு மனு எழுத வேண்டுமென்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இத்தகைய மாணவர் வட்டங்களைப் பற்றி நாட்டில் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது 2015-இல்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் 2014-ஆம் ஆண்டு அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14-இல் 'அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம்' தொடங்கிற்று. மறு ஆண்டு யாரோ ஒரு புண்ணியவான் டில்லிக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினார். மத்திய கல்வி இலாகா அதை நிர்வாகத்துக்கு அனுப்பி வைக்க, மே மாதம் வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. கையெழுத்திடத் துணியாத ஒருவருடைய வார்த்தைக்கு, பெயரோடு நின்று பேசிய மாணவர்களின் வார்த்தையைவிட அதிக மதிப்பு! நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஜூன் மாதமே அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. மூடப்பட்டிருந்தால் சிலருக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடிய வட்டம், மூடப்போனதால் தேசமறிந்ததாயிற்று.

2018 டிசம்பரில் அதே ஸ்தாபனத்தின் உணவுக்கூடம் ஒன்றில், சைவர்க்கும் அசைவர்க்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கைகழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதை வெளி உலகுக்குக் காட்டியவர்களும் அந்த வட்டத்தார்தாம். அறிவிப்புகள் பின்னர் அகற்றப்பட்டன. நம் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

சட்டதிட்டம் இல்லாமலில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே, ஒவ்வொரு கல்வி ஸ்தாபனமும் பாகுபாட்டை விசாரிக்க ஓர் அதிகாரியை நியமிக்கவேண்டுமென்று விதித்தது. விதி ஏட்டில் இருந்தது. 2016 ஜனவரி 17-இல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வேமுலா உயிரை மாய்த்துக்கொண்டார். 2019 மே மாதத்தில் பம்பாயில் பாயல் தட்வி என்ற இளம் டாக்டரும் அவ்வாறே மறைந்தார். அந்த ஆண்டிலேயே அவ்விருவரின் தாய்மாரும் சேர்ந்து, அந்த விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவரக் கோரி சுப்ரீம் கோர்ட்டின் படியேறினார்கள். சர்க்கார் போட்ட விதியைச் சர்க்கார் நிறைவேற்றும்படி கேட்க, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் வரவேண்டியிருந்தது!

பம்பாய் ஐ.ஐ.டி. 2023 ஜூலையில் ஒரு காரியம் செய்தது. மாணவர் ஒருவரையொருவர் நுழைவுப் பரீட்சை ரேங்க்கையோ, சாதியை வெளிப்படுத்தக்கூடிய வேறெதையுமோ கேட்கலாகாது என்று அறிவுறுத்தியது. ரேங்க் என்ற சொல்லுக்குள் சாதி ஒளிந்திருப்பதை மாணவர் சொல்லிவந்தபோது, பலர் அதை மிகைப் பேச்சென்று தள்ளினார்கள். இப்போது அதிகாரபூர்வமான காகிதமே அப்படிச் சொல்லிவிட்டது.

நம் சக உபாத்தியாயர் ஒருவர், "படிக்கப் போன பிள்ளைகளுக்கு வட்டம் எதற்கு, சதுரம் எதற்கு?" என்கிறார். அவர் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. சில வட்டங்கள் துண்டுப்பிரசுரச் சண்டையிலேயே பொழுதைக் கழிப்பதுண்டு. ஏற்கெனவே ஒத்த அபிப்பிராயமுள்ளவர்களே திரும்பத் திரும்பக் கூடுவதும் உண்டு. ஆனால் நம் மாணவியைக் கல்லூரியில் நிறுத்தியது எது என்று கேட்டால், அவரிடம் பதிலில்லை.

அவளிடம் இதையெல்லாம் வெகு உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தோம். காப்பியை வைத்துவிட்டு அவள் மெதுவாக, "ஐயா, ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று நீங்களும் என்னை எந்தத் தெரு என்றுதான் கேட்டீர்கள்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஞாபகமாகச் சொன்னாள். விலாசப் பத்தியை நிரப்பத்தான் கேட்டோம் என்று சொல்ல வாயெடுத்தோம். சொல்ல முடியவில்லை. விலாசம் அவள் கொண்டுவந்த காகிதத்திலேயே எழுதியிருந்தது.

இவ்வாண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, மலைச்சரிவுக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு பையன் சேர வந்தான். வழக்கமான கேள்வி நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டோம். இல்லை என்று தலையசைத்தான்.