கண்ணாடியும் பொறியும்: செயலிழந்த கைக்கு முதலில் வேண்டுவது யாது?

பாரிசவாதத்தாற் செயலிழந்த கைக்கு இனி மீட்சி பொறியினாலேயே கிட்டும் என்றொரு கருத்து கற்றோரிடையே பரவி வருகின்றது. விரல்களை விரித்து மடக்கும் இயந்திரக் கையுறையையும், முழங்கையை ஏந்தி நகர்த்தும் பொறிக்கையையும் கண்டு வியப்போர் அவ்வாறு எண்ணுதல் இயல்பே. ஆயினும், ஒரு மருத்துவக் கருவியின் பெறுமதியை அது பிறந்த ஆய்வுகூடத்தில் வைத்து அளத்தல் முறையன்று. அது சென்று சேரவேண்டிய ஊரில் வைத்தே அளத்தல் வேண்டும்.

நுரைச்சோலையை எடுத்துக்கொள்வோர்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். கற்பிட்டிக் குடாநாட்டில் ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்புமாக அமைந்த இம்மணற்பாங்கான பிரதேசத்தில், மக்கள் மீன்பிடித்தும் வெங்காயம், மிளகாய், மரக்கறி முதலியவற்றைப் பயிரிட்டும் வாழ்கின்றனர். 2011இல் முதற்பிரிவு இயங்கத் தொடங்கிய 900 மெகாவாற் அனல்மின் நிலையமும் இங்கேயே உள்ளது. எனவே, பொறியின் பெருமையை இவ்வூரார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வலையிழுக்கும் கையோ மண்வெட்டி பிடிக்கும் கையோ வீழ்ந்தால் அக்குடும்பத்தின் வருவாயும் உடன் வீழும் என்பதே எடுத்துரைக்க வேண்டுவது.

மீட்சியின் பெரும்பகுதி நோய்கண்ட முதற் சில மாதங்களிலேயே நிகழ்கின்றது. அக்காலத்தில் அன்றாடப் பயிற்சி இன்றியமையாதது. அரைமணி நேரப் பயிற்சிக்காக நாள்தோறும் ஒரு நோயாளி பேருந்தேறிப் புத்தளத்துக்குப் போய்வருதல் கூடுமோ? நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள இராகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலைக்குத்தான் போதல் கூடுமோ? உடன்செல்பவரின் நாட்கூலியும் அன்றோ அழிகின்றது? விலையுயர்ந்த பொறி நகர வைத்தியசாலைக்கே முதலில் வந்து சேரும். அதனால், நகரத்தை அடைய முடியாதவனுக்கு அது இல்லாததற்கு ஒப்பாகும்.

கண்ணாடிச் சிகிச்சையின் நிலை வேறு. தமிழகத்திற் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் கற்ற வி. எஸ். இராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கை இன்னும் இருப்பதாக உணர்ந்து நோவுறுவோர்க்கென 1990களில் கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். பாரிசவாதத்தால் வலுவிழந்த கைக்கும் அது பயன்படுமா என ஒன்பது நோயாளரிடத்து ஆராய்ந்த குறிப்பு 1999இல் வெளிவந்தது. முறை எளியது. நோயாளியின் முன்னே நடுவாகக் கண்ணாடி நிறுத்தப்படும். நலிந்த கை அதன் பின்னே மறையும். நல்ல கை அதன் முன்னே அசையும். கண்ணாடியில் தோன்றும் உருவம் நலிந்த கையே அசைவதுபோற் காட்ட, நோயாளி இரு கைகளையும் ஒருங்கே அசைக்க முயல்வார். அக்காட்சி மூளையின் இயக்கப் பகுதிகளைத் தூண்டுவதாகக் கருதப்படுகின்றது.

மலிவானது ஆதலின் இது வெறும் மாயவித்தை என இகழ்வாரும் உளர். 62 ஆய்வுகளையும் 1,982 பேரையும் உள்ளடக்கி 2018இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு அவ்விகழ்ச்சிக்கு விடையாகும். கண்ணாடிச் சிகிச்சை இயக்கத்திறனையும் அன்றாடக் காரியங்களைச் செய்யும் ஆற்றலையும் ஓரளவு மேம்படுத்துகின்றது என அது முடிவு கண்டது. பிற சிகிச்சைகளுக்குத் துணையாகவே இது பெரிதும் ஏற்றது என்பதையும் மறத்தலாகாது.

பொறியாற் பயனில்லை என்பது இங்கு வாதமன்று. பொறிவழிப் பயிற்சி கையின் வலுவையும் தொழிற்பாட்டையும் வளர்க்கும் என்பதற்கும் சான்றுகள் உள. ஆயினும், பிரித்தானியாவில் நான்கு நிலையங்களில் 770 நோயாளரிடத்து நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு சிந்திக்கத்தக்கது. அதிற் பொறிப்பயிற்சியும், அதே அளவு நேரம் சிகிச்சையாளர் அளித்த பயிற்சியும், வழக்கமான சிகிச்சையினும் கையின் செயற்றிறனை மிகுதியாக மேம்படுத்தவில்லை. அந்நாட்டில் ‘வழக்கமானது’ எனப்படும் அச்சிகிச்சையே நுரைச்சோலை உழவனுக்கு எட்டாததாயின், பொறியை முதற்படியாகக் கொள்வது சுவரெழுப்புமுன் கூரைக்கு ஓடு தேடுவதாகும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து ‘புளூட்டோ’ என்னும் சிறிய கைப்பயிற்சிப் பொறியை ஆக்கியுள்ளன. எளிதில் எடுத்துச் செல்லத்தக்க இத்தகைய கருவிகள் வரவேற்கத்தக்கனவே. ஆயினும் எளிய பொறிக்கும் அதனை இயக்கக் கற்பிப்பவர் வேண்டும்.

இனி, எதிர்முனையிலுள்ள தவற்றையும் கண்டித்தல் தகும். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு, எஞ்சியதைக் குடும்பத்தார் பார்த்துக்கொள்வர் எனக் கைகழுவுதல் பொறுப்பாகாது. இந்தியாவில் 14 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 1,250 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2017இல் வெளியாயிற்று. குடும்பத்தாருக்குப் பயிற்சி அளித்து வீட்டிலேயே புனர்வாழ்வை நடத்திய அம்முறை, ஆறு மாத முடிவில் மரணத்தையோ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையையோ குறைக்கவில்லை. மனைவியோ மகளோ இயன்மருத்துவருக்கு ஈடாகார்.

ஆகவே, வேண்டுவது கண்ணாடியோடு வாசல் தேடி வரும் பயிற்சி பெற்ற ஆளே. இஃது இலங்கைக்குப் புதியதன்று. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள்முதல், மருத்துவ மாதர் வீடுவீடாகச் சென்று தாய்சேய் நலம் பேணும் முறை இந்நாட்டில் வளர்ந்தது. அதன் பயனை உலகம் பாராட்டுகின்றது. பிறக்கும் குழந்தையைத் தேடி வீட்டுக்குச் செல்லத் தெரிந்த அரசு, வீழ்ந்த கையைத் தேடிச் செல்லாதிருப்பதற்கு நியாயமில்லை. பேராதனையிலும் கொழும்பிலும் பல்கலைக்கழகங்கள் இயன்மருத்துவப் பட்டதாரிகளை உருவாக்குகின்றன. அவர்களுட் சிலரைக் கற்பிட்டி போன்ற பிரதேசங்களுக்கெனவே நியமித்து, வாரந்தோறும் ஊர்களுக்கு அனுப்புதல் இயலாத காரியமன்று. முதலில் அவர்கள் செல்க. பொறிகள் அவர்களைப் பின்தொடர்க. இம்முறைமாற்றத்தை அரசிடம் வற்புறுத்துதல், பொதுமக்கள் பணத்திற் கல்வி பெற்றோர் அனைவரதும் கடனாகும்.